ஏழு மணிக்கு முன்னால்

பாட்டு நின்றபாடில்லை. போன்களில் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்கப்புறம் போனை மார்மேல் கவிழ்த்துக்கொண்டு கண் அசந்துவிட்டார்கள். ஆனால் சங்கவியின் காதுக்குள்ளே, காதுக்குள்ளே கூட இல்லை, தொண்டை தொடங்குகிற இடத்தில், அது ஓடிக்கொண்டே இருந்தது. குழியில எறங்குனியே அமுலு, கயித்த கட்ட மறந்தாங்களே அமுலு, என்று பென்சில் அண்ணன் இழுக்கிற இழுப்பும், அந்த இழுப்பு முடிகிற இடத்தில் சட்டி மேளம் விழாமல் வெறும் கைத்தட்டு விழுகிறதும், ஏனென்றால் அவருடைய கானாக் குழுவில் சட்டி அடிக்கிறவனே அமுலுதான், அவனுக்கே பாட்டுக் கட்டினால் மேளத்துக்கு எங்கே போவார்கள், அதனால் அந்த இடம் வரும்போதெல்லாம் அவள் வயிறு தானாக எக்கிக்கொண்டு இல்லாத மேளத்துக்குக் காத்திருந்தது. செத்தவனுக்குத்தான் இப்படிப் பேர் சொல்லி இழுப்பார்கள். அவர்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் தலைமாட்டில் உட்கார்ந்து, செத்தவன் பேர், ஏரியா பேர், பெண்டாட்டி பேர், பிள்ளை பேர் என்று எல்லாவற்றையும் கோத்துப் பாடுவார்கள். பேர் விழுந்துவிட்டால் அந்த ஆள் இனி இந்தப் பக்கத்து ஆள் இல்லை. அமுலு பேர் விழுந்துவிட்டது. அவள் பேரும் விழுந்துவிட்டது, சங்கவி நெத்தி வெறும் நெத்தி என்று ஒரு வரி, மடியில் பால் குடித்தபடியே தூங்குகிற ஜோவிதா பேரும் ஒரு வரியில் விழுந்துவிட்டது. அவள் புருசன் அமுலு மட்டும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், ஜன்னல் ஓரக் கட்டிலில், வாயில் குழாயோடு உசுரோடு இருந்தான்.

பென்சில் அண்ணன் மேல் கோபப்பட முடியவில்லை, அதுதான் பெரிய தொல்லை. பென்சிலய்யா என்று பேர் வைத்த மனுசனை ஹவுசிங் போர்டு முழுக்கப் பென்சில் என்றே கூப்பிட்டது, அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்தார். ஒன்பதாம் பிளாக் என்று குழுவுக்குப் பேர் வைத்ததும் அவர்தான். ஆனால் சட்டம் போட்டது அமுலு. ஏழு மணிச் செய்திக்கு முன்னால் பாட்டு நெட்டில் வந்துவிட வேண்டும், அதுதான் சட்டம். "டிவிக்காரன் மொதல்ல சொல்லிட்டா நாம பாடறது பதிலு. நாம மொதல்ல பாடிட்டா அவன் சொல்றது பதிலு" என்பான். குடிசை எரிந்தபோது அடுப்பு வெடித்தது என்று செய்தி வந்தது, அதற்கு முன்னாலேயே இவர்கள் பாட்டு வந்துவிட்டது, எந்த வீட்டிலும் அன்றைக்கு அடுப்பே எரியவில்லை என்று. ஊரில் பாதிப்பேர் பாட்டைத்தான் நம்பினார்கள். அந்த ஒற்றை அறையில் மெத்தையைச் சுவரில் சாத்தி, காத்தாடியை நிறுத்தி, வேர்த்து வழிய நாலு ஆம்பிளைகள் ஒரு போனைச் சுற்றிக் குந்தியிருக்க, அவள் குக்கரை இறக்கி வைத்துவிட்டுக் குழந்தையை மார்போடு அழுத்திக்கொண்டு வாசலில் நிற்பாள், ஜோவிதா சிணுங்கினால் பாட்டு கெட்டுவிடும் என்று. ஒரு தடவை கெட்டுவிட்டது. அமுலு அதை வெட்டவில்லை. இருக்கட்டும், இவளும் கட்சிக்காரிதானே என்றான். முந்தாநாள், அமுலு தொட்டியில் விழுந்த அன்றைக்கு, அந்த மெத்தையை யார் சாத்தியிருப்பார்கள். பூட்டை உடைத்தார்களா, சாவி பக்கத்து வீட்டில்தானே இருந்தது. அவளும் மாமியாரும் ஆம்புலன்சுக்குப் பின்னால் ஆட்டோவில் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. கூட வேலை பார்க்கிற துரைக்கண்ணு அண்ணனும் அமுலுவும் இறங்கினது ஒரு அபார்ட்மெண்ட் கழிவுத் தொட்டியில். முதலில் துரைக்கண்ணு இறங்கினார், சத்தம் இல்லை, அவரைத் தூக்க அமுலு இறங்கினான், அவனும் சத்தம் இல்லை. வெளியே எடுத்தபோது இரண்டு பேரும் ஒரே நிறமாக இருந்தார்களாம். கேட்டில் நின்ற போலீஸ்காரர் ஒருத்தர் பென்சில் அண்ணனிடம் கையை விரித்து, ரெண்டும் போச்சுப்பா என்றாராம். பென்சில் அண்ணன் அவள் போனுக்கு அடித்துப் பார்த்திருக்கிறார், ஸ்விட்ச் ஆஃப், காலையெல்லாம் ஜோவிதா பொம்மைப் படம் பார்த்துச் சார்ஜைத் தின்றுவிட்டாள். மணி ஆகிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்கு முன்னால், ஏழு மணிக்கு முன்னால். பாட்டு வந்துவிட்டது. அப்புறம் செய்தி வந்தது, குடிபோதையில் தொட்டிக்குள் இறங்கிய இருவரில் ஒருவர் பலி, ஒருவர் கவலைக்கிடம். எண்ணிக்கையில் டிவிக்காரன் சரி. பாட்டு தப்பு. அந்த ஒரு தப்பை வைத்துக்கொண்டு நேற்றிலிருந்து பொய்ப் பாட்டு, பொய்ப் பாட்டு என்று அதே டிவியில் அடித்துக்கொண்டிருக்கிறார்கள், பாட்டில் பாக்கி சொன்னதெல்லாம் அந்தத் தப்போடு சேர்ந்து தொட்டிக்குள் போய்விட்டது.

பாக்கி என்ன சொன்னது பாட்டு. கோட்டர வாங்கித் தந்தவன் யாரு, குடிச்சாத்தான் எறங்குவேன்னு தெரிஞ்சவன் யாரு, என்று சொன்னது. அது நிஜம். அமுலு குடித்திருந்தான். அதை நினைக்கும்போது அவளுக்கு உடம்பு சுருங்கியது, யாராவது தன் மனசுக்குள் எட்டிப் பார்த்துவிடுவார்களோ என்று முந்தானையை இழுத்துக்கொண்டாள். குடிக்காமல் எவன் இறங்குவான். வீட்டில் ஜோவிதா மலம் கழித்தாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவன். மேஸ்திரியே காலையில் கோட்டர் பாட்டிலை வாங்கி வைத்துவிடுவான், இந்தா ஊத்திக்கோ, கண்ண மூடிகினு எறங்கு, அரை மணி நேர வேலை. அந்த மேஸ்திரியின் முதலாளிதான் டிவியில் வந்து சொன்னார், நாங்க யாரையும் எறங்கச் சொல்லவே இல்லைங்க, போதையில அவங்களாவே மூடியத் தொறந்துட்டாங்க. மாமியாரிடம் மைக்கை நீட்டினபோது, குடிப்பாரா என்று கேட்டார்கள், மாமியார் வெள்ளந்தியாக, எப்பவாச்சும் வேலைக்குப் போவ சொல்லோ குடிப்பான் சாமி, அந்த நாத்தத்துக்கு, மத்த நாளு தொட மாட்டான் என்றார். டிவியில் வந்தபோது மாமியார் வாய் குடிப்பான் என்று மட்டும் சொல்லி மூடிக்கொண்டது. பக்கத்துப் பாய்க்காரி, அவள் அண்ணனுக்குத் தலையில் அடி, நேற்று வந்தவள், நேற்றே கேட்டுவிட்டாள். "டிவில காட்டுன குடிகாரன் கேசா நீங்க?" சங்கவி ஜோவிதாவின் சட்டையை இழுத்துவிட்டாள். "குடிக்காத ஆம்பள யாரு இருக்கான், வுடு. எங்கண்ணன் குடிச்சா பைக்ல ஏறுவான், உங்காளு தொட்டியில எறங்கியிருக்காரு" என்று அவளே சிரித்து, அவளே ஒரு வாழைப்பழத்தை நீட்டினாள். சங்கவி வாங்கிக்கொண்டாள். அந்தப் பழம் இன்னும் பையில் கறுத்துக்கொண்டிருந்தது.

பென்சில் அண்ணன் தூணோரம் குந்தியிருந்தார். காலையில் வந்தவர் நகரவில்லை. மாமியார் செருப்பைக் கழற்றி அடித்துவிட்டு, உசுரோட கீற புள்ளைக்குச் சாவுப் பாட்டு கட்டுன வாயி அழுவிப் போவ, என்று வராந்தாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டு, ஜெபத்துக்கு என்று கோயிலுக்குப் போய்விட்டார். அடியை வாங்கிக்கொண்டு இவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஒரு டீயாச்சும் குடி தங்கச்சி. பால் குடுக்கறவ." "வேணாண்ணா." "உங்க மாமியா செருப்பு புதுசா? சத்தம் நல்லா வந்துச்சு. அமுலு இருந்திருந்தா அதுக்கே ஒரு தாளம் போட்டிருப்பான்." சொல்லிவிட்டு, இருந்திருந்தா என்று சொன்ன வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டார். சங்கவிக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு மூக்கில் எரிந்தது. அப்புறம் அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பாட்ட எடுத்துர்றதா இருந்தா எடுத்துர்றேன். நீ சொன்னாப் போதும். எடுத்துட்டா, பாரு, பொய்யின்னு ஒத்துகினாங்கன்னு சொல்லுவானுங்க. கோட்டர் மேட்டர், கயிறு மேட்டர், அல்லாம் காலி. துரைக்கண்ணு கேசும் காலி. எடுக்காம வுட்டா..." எடுக்காமல் விட்டால் அமுலு பேர் அங்கேயே கிடக்கும், செத்தவன் பேராக. அவர் முடிக்கவில்லை.  எடுண்ணா என்று அவள் நாக்கு நுனிவரை வந்தது, எடுக்காதேண்ணா என்பதும் வந்தது, இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றுவிட்டன. ஏழாவது படிக்கிறபோது பேர் கூப்பிட்டால் உள்ளேன் டீச்சர் என்று சொல்ல வாய் வராது அவளுக்கு, வகுப்பிலேயே உட்கார்ந்துகொண்டு பாதி நாள் வராதவளாகக் கணக்கில் இருந்தாள். அப்புறம் நிஜமாகவே வராமல் நின்றுவிட்டாள், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

டிவியிலிருந்து வந்த மைக் பெண் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தாள். சங்கவியைவிடப் பெரியவளாகத்தான் இருக்கும், ஆனால் இவளையே அக்கா என்றாள், கேமரா தூக்கினவன் சுவரில் சாய்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். அரை மணி நேரத்துக்கு முன்னாலேயே வந்து குனிந்து மெதுவாகப் பேசினாள், மோசமான பெண் இல்லை, ஜோவிதா கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சினாள். "ஒரு வார்த்தை போதும்க்கா. உங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்காரா? அதை மட்டும் நீங்க உங்க வாயால சொல்லுங்க. உயிரோட இருக்கறவரைச் செத்துட்டார்னு பாடி லட்சக்கணக்குல பேர் பாத்துட்டாங்க, உங்களுக்கு வலிக்கலையா?" வலிக்காமல் என்ன. வலிக்கிறதைத்தானே கேட்கிறாள். பொய்யா கேட்கிறாள். யோசிச்சுச் சொல்றேன் என்று சொல்லக்கூட வரவில்லை, தலையை ஆட்டினாள், அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு அந்தப் பெண் படிக்கட்டில் காத்திருக்கிறாள். இருக்காரு என்றால் பாட்டு பொய். பாட்டு பொய்யென்றால் மேஸ்திரி நல்லவன். இருக்காரு என்று சொல்லாமல் இருந்தால், ஐயோ, பெண்டாட்டியே புருசன் உசுரோட இருக்கிறதைச் சொல்ல யோசித்தாள் என்று ஆகும், சாமிக்குக் கேட்டால் என்ன நினைக்கும். சொல்லலாம், ஆனால் கூடச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாமியார் சேர்த்துத்தானே சொன்னார், வெட்டிவிட்டார்களே. எங்கே வெட்டினார்கள். அமுலு போனில் பாட்டை வெட்டும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள், சத்தம் எல்லாம் முள்ளு முள்ளாகப் படம் மாதிரி ஓடும், நடுநடுவே முள் இல்லாமல் தட்டையாகக் கிடக்கும், அந்தத் தட்டையில் விரலை வைத்து அறுப்பான். "மூச்சு வுடற எடந்தான் இது. இங்க வெட்டுனா தெரியாது. பேசிகினே இருக்க சொல்லோ வெட்டுனா காது கண்டுபிடிச்சிரும்." அப்படியென்றால் மூச்சு விடாமல் சொன்னால் வெட்ட முடியாது. சங்கவிக்கு முதுகு நிமிர்ந்தது. மூச்சு விடாமல், எல்லாவற்றையும் முன்னால் கோத்து, இருக்காரு என்பதைக் கடைசியில் வைத்து. மேஸ்திரி வாங்கிக் குடுத்த கோட்டரக் குடிச்சிட்டு கயிறு இல்லாம மாஸ்க் இல்லாம அவுங்க எறங்கச் சொல்லி எறங்குன எம்புருசன் உள்ளார மிஷின் வச்சு உசுரோட இருக்காரு. அவ்வளவுதான். உதட்டை அசைக்காமல் சொல்லிப் பார்த்தாள். மாஸ்க் இல்லாம என்கிற இடத்தில் மூச்சு முட்டியது. மறுபடி. மாஸ்க்கை எடுத்துவிடலாமா, வேண்டாம், மாஸ்க் கேட்டு அமுலு போன மாசம் சண்டை போட்டிருக்கிறான், எடுக்கக் கூடாது. மேஸ்திரி வாங்கிக் குடுத்த கோட்டரக் குடிச்சிட்டு கயிறு இல்லாம மாஸ்க் இல்லாம. மறுபடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிஷின் அவனுக்கு மூச்சு விட்டது, நிதானமாக, ஒரே அளவாக, இங்கே இவள் அதே மூச்சை அடக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

அடக்குகிறபோதுதான் அந்த இன்னொரு நினைப்பு வந்தது, பூனை மாதிரி ஓரமாக வந்து உட்கார்ந்தது, விரட்டினால் போகவில்லை. அமுலு இன்றைக்கு, ஏழு மணிக்கு முன்னால். அதற்கு மேல் அவள் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டாள். ஆனால் நினைப்பு வார்த்தை இல்லாமலே மேலே போனது, அப்படி ஆகிவிட்டால் பாட்டில் ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை, யாரும் பொய்யென்று சொல்ல முடியாது, மைக்குக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். சீ. ஜோவிதாவை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள், குழந்தை முழித்து ஒரு குரல் கொடுத்துவிட்டு மறுபடி தூங்கியது. பால் வாடையும் பினாயில் வாடையும் ஒன்றாக வந்தது. டாக்டர் காலையில் என்ன சொன்னார், நுரையீரல் பூரா சேறும்மா, பாக்கலாம் என்றார். பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம், எல்லா டாக்டரும் சொல்வதுதான், இல்லை, பக்கத்துப் பாய்க்காரியிடம் சரியாயிடும் என்றல்லவா சொன்னார். பாக்கலாம். பென்சில் அண்ணன் ஏன் போகாமல் உட்கார்ந்திருக்கிறார். பாசம்தான். பாசத்துக்கு நடுவில் அவருக்கும் அந்தப் பூனை வந்து உட்கார்ந்திருக்குமா. ஒவ்வொரு தடவை கண்ணாடிக் கதவு திறக்கும்போதும் அவர் கண் முதலில் அங்கே போகிறதே. அவள் கண்ணும்தான் போகிறது. அவர் அவளைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். குழியில எறங்குனியே அமுலு. நல்ல மெட்டு. நல்ல மெட்டாக இல்லாமல் போயிருக்கக் கூடாதா. முதல் தடவை கேட்டபோது, புருசன் செத்த பாட்டு என்று தெரிந்தும், அந்த இழுப்பில் அவளுக்குக் கழுத்து சிலிர்த்தது. அமுலு கேட்டால் சந்தோசப்பட்டிருப்பான், பென்சிலு உன் வாழ்க்கையிலயே இதாண்டா பாட்டு என்று முதுகில் குத்தியிருப்பான். மறுபடியும் அந்தப் பட்டிருப்பான், குத்தியிருப்பான், செத்தவனைப் பற்றிப் பேசுகிற மாதிரி. அவளுக்குள்ளேயே அவன் நேற்றைய ஆளாகிக்கொண்டு வருகிறானே, எப்போதிலிருந்து.

"அக்கா, லேட் ஆகுது, ரெடியா?" மைக் பெண் வந்துவிட்டாள். கேமராக்காரன் பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டு விளக்கைப் போட்டான், வராந்தா முழுக்கப் பாய்களில் தலைகள் எழுந்தன, பக்கத்துப் பாய்க்காரி தலைமுடியைக் கோதிக்கொண்டு கேமராவில் விழுகிற மாதிரி நகர்ந்து உட்கார்ந்தாள். சங்கவி எழுந்து நின்றாள்.  மேஸ்திரி வாங்கிக் குடுத்த. மூச்சை இழுத்தாள், வயிற்றின் அடிவரை இழுத்தாள், இவ்வளவு மூச்சு தனக்குள் இடம் பிடிக்கும் என்று அவளுக்கே தெரியாது. விளக்கு கண்ணில் குத்தியது. மேஸ்திரி வாங்கிக் குடுத்த கோட்டரக் குடிச்சிட்டு, கயிறு, கயிறுக்கு அப்புறம் மாஸ்க். "சொல்லுங்கக்கா, உங்க வீட்டுக்காரர் இப்ப உயிரோட இருக்காரா?" அவள் வாயைத் திறந்தாள். கண்ணாடிக் கதவும் திறந்தது. "அமுல்ராஜ் கூட யாரும்மா? அமுல்ராஜ்?" என்று பச்சைச் சேலை கட்டின ஆயாம்மா தலையை நீட்டினார். காலையில் இதே கதவில் இதே மாதிரி ஒரு பேரைக் கூப்பிட்டார், அந்தப் பேருக்குப் போன பையன் திரும்பி வரும்போது செருப்பைப் போட மறந்து கையில் வைத்துக்கொண்டு வந்தான், அப்புறம் அந்தக் குடும்பத்தின் பாய் சுருட்டப்பட்டது. அடக்கி வைத்த மூச்சு மொத்தமும் ஒரே சத்தமாக வெளியே வந்தது. "இருக்காரு" என்றாள் சங்கவி. ஆயாம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள், இல்லை, ஆயாம்மாவுக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்து, அதற்கும் பின்னால் இருந்த ஏதோ ஒன்றைப் பார்த்து. "இருக்காருங்க. எம்புருசன் உசுரோட இருக்காருங்க." பிறந்ததிலிருந்து அவள் இவ்வளவு தெளிவாகப் பேசினதில்லை.

"இல்லைன்னு யாரு சொன்னா?" என்றார் ஆயாம்மா. "பெரியாளு டயப்பர் ஒரு பாக்கெட் வேணும், வாங்கிட்டு வா. சீக்கிரம் வா." கதவு மூடிக்கொண்டது. விளக்கும் அணைந்தது. "சூப்பரா சொன்னீங்கக்கா" என்று மைக் பெண் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள், கை சூடாக இருந்தது, நிஜமாகவே அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "இன்னும் சொல்லணும்" என்றாள் சங்கவி. "மேஸ்திரி..." "இது போதும்க்கா. ஏழு மணிக்குள்ள அனுப்பணும்." படிக்கட்டில் இரண்டு ஜோடிக் கால்கள் தடதடவென்று இறங்கிப் போயின. சங்கவி அங்கேயே நின்றாள். மீதி வார்த்தைகள், கோட்டரும் கயிறும் மாஸ்க்கும், வரிசை கலையாமல் அப்படியே வாய்க்குள் இருந்தன, துப்பவும் முடியவில்லை. பென்சில் அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார், பேர் கூப்பிட்டதுமே எழுந்திருப்பார் போல. டயப்பர் என்று கேட்டதும் அவர் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கினது. அது என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் உடம்பிலிருந்தும் அந்த நேரம் ஒன்று இறங்கினது, அதுவும் என்ன என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவளுக்குப் பயமாக இருந்தது. "உசுருதான முக்கியம் தங்கச்சி" என்றார் அவர். "ஆமாண்ணா." "எடுத்துடட்டா?" ஏழு மணிக்கு அமுலு உசுரோடு இருப்பான், பெண்டாட்டி வாயாலேயே. குடிகாரனாகவும் இருப்பான். அதற்கப்புறம் நாளைக்கோ மறுநாளோ அவன் செத்தாலும் குடிகாரனாகத்தான் சாவான், அப்போது யார் பாட்டுக் கட்டினாலும் அது பதில்தான். "எடுத்துடுண்ணா" என்றாள். அவர் போனை எடுத்துக் கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தினார். இவ்வளவுதானா என்று இருந்தது.

கீழே மருந்துக் கடை வரைக்கும் அவரும் கூட வந்தார், குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். கடைக்காரர் இடுப்பு அளவு கேட்டார். சங்கவிக்கு அளவு தெரியவில்லை. இரண்டு கையையும் வட்டமாக வைத்துக் காட்டினாள், கட்டிக்கொள்ளும்போது இருக்கிற வட்டம். கடைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது உள்ளே கிடக்கிறவனுக்கு அது பெரிதாக இருக்கிற மாதிரி பட்டது, கொஞ்சம் சுருக்கினாள், இன்னும் கொஞ்சம் சுருக்கினாள்.